பிறப்புச் சான்றிதழைக் காட்டியும் தீராத சந்தேகம்: ஒபாமாவும் அதிபர் தகுதியும்

(திரையில்: பழைய நாளிதழ்ப் பக்கம். சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிட்ட பிறப்பு அறிவிப்புகள்.)

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. ஹவாய் மாநிலத்தின் தலைநகரான ஹொனலூலுவில் வெளிவந்த ஒரு நாளிதழின் உள்பக்கத்தில், பிறப்பு அறிவிப்புகளுக்கு நடுவே ஒரேயொரு வரி இருந்தது: திரு., திருமதி பராக் எச். ஒபாமா தம்பதிக்கு ஆகஸ்ட் 4 அன்று ஆண் குழந்தை. மறுநாள் அதே நகரின் இன்னொரு நாளிதழிலும் அந்த வரி வெளியானது. பெற்றோர் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம் என்று இதை நினைத்துவிட வேண்டாம். மாநிலச் சுகாதாரத் துறை தன்னிடம் பதிவான பிறப்புகளின் பட்டியலை அனுப்ப, பத்திரிகைகள் அதை அப்படியே அச்சிட்டன.

அந்தக் குழந்தை 2008-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றபோது, அவர் ஹவாயில் பிறக்கவே இல்லை, தந்தையின் நாடான கென்யாவில்தான் பிறந்தார், ஆகவே அதிபராகும் தகுதியே அவருக்கு இல்லை என்ற பேச்சு மின்னஞ்சல்களிலும் வானொலி நிகழ்ச்சிகளிலும் பரவத் தொடங்கியது. அவர் இரண்டு முறை வென்று எட்டு ஆண்டு ஆட்சியை முடிக்கும்வரை அந்தப் பேச்சு அடங்கவில்லை. ஆவணம் இல்லாததால் எழுந்த சந்தேகமா இது, எந்த ஆவணத்தைக் கொடுத்தாலும் தீர்ந்திருக்காத சந்தேகமா என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

முதலில் சட்டம். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு அதிபருக்கு மூன்று தகுதிகளை விதிக்கிறது. 35 வயது நிறைந்திருக்க வேண்டும். 14 ஆண்டுகள் அந்நாட்டில் வசித்திருக்க வேண்டும். பிறப்பிலேயே அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். பின்னாளில் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர் ஆளுநராகலாம், அமைச்சராகலாம், செனட் உறுப்பினராகலாம். அதிபராகவோ துணை அதிபராகவோ மட்டும் ஆக முடியாது. 1787 ஜூலையில், அன்றைய வெளியுறவுச் செயலர் ஜான் ஜே, அரசமைப்புச் சட்டத்தை எழுதிய மாநாட்டின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், படைத்தலைமை அந்நியர் கைக்குப் போய்விடக் கூடாது என்று வற்புறுத்தியிருந்தார். அந்தக் கடிதமே இந்த விதிக்கு வித்திட்டது என்று பலர் கருதுகிறார்கள். ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் இரண்டு வேலைகளைச் செய்யாமல் விட்டுவிட்டார்கள். பிறப்பிலேயே குடிமகன் என்றால் யார் என்று அவர்கள் வரையறுக்கவில்லை. ஒரு வேட்பாளருக்கு அந்தத் தகுதி உண்டா என்று சரிபார்க்க வேண்டிய அதிகாரி யார் என்றும் சொல்லவில்லை. வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறுவதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி விதி வைத்திருக்கிறது. நாடு முழுமைக்கும் பொதுவான பரிசீலனை கிடையாது. இனி நாம் பார்க்கப்போகும் குழப்பங்கள் பலவும் இந்த இரண்டு இடைவெளிகளில் முளைத்தவை.

ஒபாமாவின் தாய் ஆன் டன்ஹம், கான்சஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் பிறந்த அமெரிக்கக் குடிமகள். அப்படியிருக்க, மகன் எங்கே பிறந்தால்தான் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1952-இல் இயற்றப்பட்டு 1961-இல் நடைமுறையில் இருந்த குடியுரிமைச் சட்டம், பெற்றோரில் ஒருவர் மட்டும் குடிமக்களாக இருந்து குழந்தை வெளிநாட்டில் பிறந்தால், அந்தப் பெற்றோர் அமெரிக்காவில் பத்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்றும், அதில் ஐந்து ஆண்டுகளாவது 14 வயதுக்குப் பிந்தையவையாக இருக்க வேண்டும் என்றும் கூறியது. அதாவது தாய்க்குக் குறைந்தது 19 வயது நிறைந்திருக்க வேண்டும். 1942 நவம்பரில் பிறந்த ஆனுக்கு மகன் பிறந்தபோது வயது 18. ஆகவே கென்யாவில் பிறந்தார் என்ற கதையைக் கட்டியவர்கள் பிடித்துக்கொள்ளச் சட்டத்தில் ஒரு கொழுக்கொம்பு இருந்தது உண்மைதான். இல்லாமல் போனது கென்யாவில் நடந்த பிறப்பு.

(திரையில்: 2008 ஜூனில் வெளியான சான்றிதழ்.)

2008 ஜூனில் ஒபாமாவின் பிரசாரக் குழு அவருடைய பிறப்புச் சான்றிதழை இணையத்தில் வெளியிட்டது. ஹவாயின் பதிவேடுகள் 2001-இல் கணினிமயமான பிறகு, சான்றிதழ் கேட்கும் எவருக்கும் அந்த மாநிலம் வழங்கிய வழக்கமான சுருக்கப் படிவம் அது. உடனே, முத்திரை எங்கே, கையெழுத்து எங்கே என்ற கேள்விகள் கிளம்பின. செய்திகளின் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கும் குழுவினர் நேரில் சென்று, காகிதத்தைக் கையில் வாங்கிப் புடைப்பு முத்திரையையும் பின்புறத்தில் இருந்த கையொப்ப முத்திரையையும் படமெடுத்து வெளியிட்டார்கள். அக்டோபர் 31 அன்று ஹவாய் சுகாதாரத் துறை இயக்குநர் சியோமி ஃபுகினோ, மூலப் பதிவு துறையின் காப்பில் இருப்பதைத் தாமே கண்டதாக அறிவித்தார். அவரை நியமித்த ஆளுநர் லிண்டா லிங்கிள் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அந்தத் தேர்தலில் எதிர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னுக்காகப் பிரசாரம் செய்தவர். ஒபாமாவுக்காகப் பொய் சொல்ல வேண்டிய தேவை அந்த நிர்வாகத்துக்குத் துளியும் இல்லை. இந்த ஒரு செய்தியே போதுமானது என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் போதவில்லை. 2011 மார்ச்சில் டொனால்ட் டிரம்ப் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பினார். முழுப் படிவத்தின் நகலை ஹவாய் அப்போது வழங்குவதில்லை. ஒபாமாவின் வேண்டுகோளை ஏற்று விதிவிலக்காக அனுமதித்தது. அவருடைய வழக்கறிஞர் ஹொனலூலு சென்று நகலை வாங்கி வந்தார். ஏப்ரல் 27 அன்று வெள்ளை மாளிகை அதை வெளியிட்டது.

(திரையில்: பச்சை நிறப் பாதுகாப்புக் காகிதத்தில் முழுப் படிவம். கேமரா மெல்ல வரிவரியாக நகர்கிறது.)

இந்தக் காகிதத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். தட்டச்சு இயந்திரத்தில் அடித்த எழுத்துகள், நேராக நிற்காமல் ஆங்காங்கே ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. பிறந்த நேரம் மாலை 7.24. இடம், கபியோலானி மகப்பேறு மருத்துவமனை. தந்தை கென்யாவில் பிறந்த மாணவர், வயது 25. ஆகஸ்ட் 7 அன்று தாய் கையெழுத்திட்டிருக்கிறார். மறுநாள் பதிவாளர் ஏற்றிருக்கிறார். மூன்றே முக்கால் நாள் வயதான ஒரு சிசுவுக்காக, 47 ஆண்டுகளுக்குப் பின் வரப்போகும் ஒரு தேர்தலை மனத்தில் வைத்து, ஒரு மருத்துவரும் ஒரு பதிவாளரும் இரண்டு நாளிதழ்களும் கூடிச் சதி செய்தார்கள் என்று நம்பினால் மட்டுமே இந்தப் பதிவைப் பொய் என்று சொல்ல முடியும்.

அப்படியும் சொன்னார்கள். வெளியிட்ட மின்கோப்பைக் கணினியில் திறந்தால் அடுக்கடுக்காகப் பிரிகிறது, ஆகவே ஒட்டுவேலை என்றார்கள். ஸ்கேன் செய்த பக்கத்தின் அளவைக் குறைக்கும் மென்பொருள்கள் எழுத்தையும் பின்னணியையும் தனித்தனி அடுக்காகப் பிரிப்பது வழக்கமான செயல்பாடுதான். இதற்கு எதிர்முனையில், 2009 ஆகஸ்டில் ஒபாமாவின் கென்யப் பிறப்புச் சான்றிதழ் என்று ஒரு காகிதம் அமெரிக்க நீதிமன்றத்திலேயே தாக்கலானது. 1964 பிப்ரவரியில் வழங்கப்பட்டதாகத் தேதியிட்ட அதன் தலைப்பில் ‘கென்யக் குடியரசு’ என்று இருந்தது. கென்யா குடியரசானது 1964 டிசம்பர் 12 அன்று. தேதி போட்டவருக்கு அந்நாட்டின் வரலாறு தெரிந்திருக்கவில்லை. ஹவாயின் மெய்யான ஆவணத்தை ஒவ்வொரு புள்ளியாகத் துருவிய அதே கண்கள், இந்தப் போலிக் காகிதத்தைத் துருவிப் பார்க்காமல் கொண்டாடின என்பது என்னை மிகவும் வருத்துகிறது.

நீதிமன்றங்கள் ஏன் விசாரிக்கவில்லை என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2008 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் தொடங்கி ஏராளமான வழக்குகள் தொடுக்கப்பட்டன. பெரும்பாலானவை தொடக்கத்திலேயே தள்ளுபடியாயின. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பவர், தனக்கென்று தனியாக ஒரு பாதிப்பு ஏற்பட்டிருப்பதைக் காட்ட வேண்டும். எல்லா வாக்காளர்களுக்கும் பொதுவான மனக்குறை அதற்குப் போதாது. இந்த நடைமுறை விதியின்படி தள்ளுபடியான வழக்குகளை, ‘நீதிபதிகள் உண்மைக்கு அஞ்சுகிறார்கள்’ என்று திரித்தார்கள். சாரத்துக்குள் சென்று தீர்ப்பளித்த நீதிமன்றமும் உண்டு. 2009-இல் இண்டியானா மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் பெற்றோரின் குடியுரிமை எதுவாயினும் பிறப்பிலேயே குடிமகன்தான் என்று தெளிவாகச் சொன்னது.

இப்படிப்பட்ட வதந்தி புதிதல்ல. 1880-இல் செஸ்டர் ஆர்தர் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது, அவர் அயர்லாந்தில் பிறந்தவர் என்று ஆர்தர் ஹின்மன் என்ற நியூயார்க் வழக்கறிஞர் கிளப்பினார். அது எடுபடாமல் போகவே, கனடாவில் பிறந்தவர் என்று மாற்றினார். ஆர்தர் பிறந்தது வெர்மான்ட் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்டில், 1829-இல். தந்தை அயர்லாந்துக்காரர், குடும்பம் முன்பு கனடா எல்லைக்கு அப்பால் வாழ்ந்ததும் உண்மை. உண்மையின் ஓர் இழையை எடுத்து, அதில் பொய்யை நெய்வது அன்றைக்கும் கையாளப்பட்ட முறைதான்.

வெளிநாட்டு மண்ணில் மெய்யாகவே பிறந்த வேட்பாளர்கள் இருந்திருக்கிறார்கள். ஜார்ஜ் ராம்னி மெக்சிகோவில் பிறந்தவர். டெட் குரூஸ் கனடாவின் கால்கரியில் பிறந்தவர். ஒபாமாவின் எதிர் வேட்பாளர் மெக்கெய்ன், 1936-இல் பனாமா கால்வாய் மண்டலத்தில் ஒரு கடற்படைத் தளத்தில் பிறந்தவர். அவருக்குத் தகுதி உண்டு என்று 2008 ஏப்ரலில் செனட் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதை முன்மொழிந்தவர்களில் ஒபாமாவும் ஒருவர். இவர்களைப் பற்றியும் சட்ட விவாதங்கள் நடந்தன, ஆனால் அவை சட்ட விவாதங்களாகவே நின்றன. எவரையும் பொய்யர் என்றோ அந்நியர் என்றோ ஆண்டுக்கணக்கில் துரத்தவில்லை. வெளியே பிறந்தவர்களுக்குக் கிடைத்த நம்பிக்கை, உள்ளே பிறந்த முதல் கறுப்பின அதிபருக்குக் கிடைக்கவில்லை. இதில் நிறத்துக்கும் பெயருக்கும் பங்கில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

2016 செப்டம்பர் 16 அன்று, அதிபர் வேட்பாளராக இருந்த டிரம்ப், ஒபாமா அமெரிக்காவில்தான் பிறந்தார் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் நான்கே ஆண்டுகளில் கேள்வி வேறு உருவில் வந்தது. 2020 ஆகஸ்டில் கமலா ஹாரிஸ் துணை அதிபர் வேட்பாளரானார். சென்னையில் பிறந்து, 1958-இல் பெர்க்லிக்குப் படிக்கச் சென்ற சியாமளா கோபாலனின் மகள் அவர். 1964-இல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் பிறந்தவர். இம்முறை பிறந்த இடத்தை மறுக்கவில்லை. பெற்றோர் அப்போது குடிமக்களாக இருந்தார்களா என்று கேட்டு ஒரு சட்டப் பேராசிரியர் வார இதழில் எழுத, எதிர்ப்பு எழுந்ததும் இதழ் மன்னிப்புக் கேட்டது.

(திரையில்: சான் பிரான்சிஸ்கோ துறைமுகம், 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படம்.)

பெற்றோரைக் காரணம் காட்டும் அந்தக் கேள்விக்கு 1898 மார்ச் 28 அன்றே உச்ச நீதிமன்றத்தின் விடை வந்திருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த சமையல்காரர் வாங் கிம் ஆர்க், 1895-இல் சீனா சென்று திரும்பியபோது, நீ குடிமகன் அல்ல என்று அதிகாரிகள் கரையிறங்க விடவில்லை. பிறந்த ஊர் கண்ணுக்கெட்டும் தொலைவில் தெரிய, அவர் பல மாதங்கள் வளைகுடாவில் நின்ற கப்பல்களிலேயே அடைபட்டிருந்தார். அமெரிக்காவில் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகன் என்று கூறும் அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தின்படி அவர் பிறந்த கணத்திலிருந்தே அமெரிக்கக் குடிமகன் என்று நீதிபதிகள் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தார்கள்.