மூன்று நகலும் ஓர் அனுமானமும்

(கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

முக்கியமான கோப்பு எதுவானாலும் 3 நகல் வையுங்கள், 2 வகைச் சாதனத்தில் வையுங்கள், ஒன்றை வீட்டுக்கு வெளியே வையுங்கள் என்பார்கள் கணினி தெரிந்தவர்கள். நல்ல யோசனை. ஆனால் நம் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 41(2)ஆம் பிரிவிலும் இதே 3 வருகிறது. ஒரே படைப்பின் உரிமை மீறிய நகல்கள் ஒரே வடிவில் 3 அல்லது அதற்கு மேல் ஒருவர் வசம் இருந்தால், அவை சொந்த உபயோகத்துக்கானவை அல்ல என்று சட்டம் அனுமானிக்கும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழும்.

கணினி நிரல் வைத்திருப்பவர்களுக்கு 40ஆம் பிரிவு துணை நிற்கிறது. மூலப் பிரதி தொலைந்தாலோ கெட்டாலோ பயன்படுத்த மட்டும் நகல் எடுக்கலாம். மூலமே திருட்டுப் பிரதியாக இருந்தாலும், வாங்கும்போதே உரிமையாளர் வெளிப்படையாகத் தடுத்திருந்தாலும் அந்தச் சலுகை இல்லை.

பாட்டுக்கும் படத்துக்கும் 40ஆம் பிரிவு பொருந்தாது. காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைக் காருக்கு, வீட்டுக்கு, அலுவலகத்துக்கு என 3 பென் டிரைவில் ஏற்றியவர், 13ஆம் பிரிவின் நியாயமான கையாளலை, அதாவது அனுமதி கேட்காமலே நியாயமான அளவில் பயன்படுத்த விடும் விதிவிலக்கை நம்பித்தான் வாதாட வேண்டும். நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றை நீதிமன்றம் எடைபோடும். நகலெடுப்பதைத் தடுக்கும் டிஸ்க்கின் மின்னணுப் பூட்டை உடைத்திருந்தால், அதைத் தடைசெய்யும் 36A பிரிவு தனியாக வந்து நிற்கும். அதன் விதிவிலக்குகளில் சொந்தக் காப்பு நகல் இடம்பெறவில்லை.

41ஆம் பிரிவில் தண்டனை? முதல் குற்றத்துக்கே ஒவ்வொரு நகலுக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அபராதம் என்றால் 3 பென் டிரைவுக்குக் குறைந்தது 6,000 ரிங்கிட். இரவுச் சந்தையில் நூற்றுக்கணக்கில் விற்பவருக்கும் இதே பிரிவுதான். இருவரையும் பிரித்துப் பார்க்கும் பொறுப்பு, அரசியலமைப்பின் 145(3) வழக்குத் தொடரும் அதிகாரத்தை யாரிடம் கொடுத்திருக்கிறதோ, அந்தச் சட்டத்துறைத் தலைவருடையது. விலைச்சீட்டு உண்டா? அச்சடித்த உறைகள் உண்டா? ஒரே நேரத்தில் பல டிஸ்க் எழுதும் கருவி உண்டா? எதுவும் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்குப் போடுவது அநியாயம் என்பேன்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது: ரசீதையும் மூல டிஸ்க்கையும் தூக்கிப் போடாதீர்கள். அனுமானத்தை முறியடிக்க, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. சொந்த உபயோகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். கைதானால் வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் 5(3) தருகிறது. வழக்கு விசாரணைக்கு முன், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51Aபடி முதல் தகவல் அறிக்கையையும் அரசுத் தரப்பு ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மைகளை அரசுத் தரப்பு எழுதி, கையொப்பமிட்டுத் தரவும் அதே பிரிவு சொல்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. சோதனையின்போது விற்பனை எதுவும் நடக்கவில்லை என்பது அந்தத் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.