கீமோதெரபி தொடங்கும் வாரத்திலேயே வலி தணிப்பும் தொடங்கட்டும்

(சேலத்தில் மூத்த குடிமக்களும் அவர்தம் குடும்பத்தாரும் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, சேலத்துப் பெரியோர்களே, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முற்றிய நிலையில் நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டால், நம் வீடுகளில் பேச்சு முதலில் ‘எவ்வளவு செலவானாலும் பார்த்துவிடுவோம்’ என்று தொடங்குகிறது. பிறகு ஒரு நாள் ‘டாக்டர் கையை விரித்துவிட்டார்’ என்று முடிகிறது. வலி தணிப்பு மருத்துவரிடம் நோயாளி வந்து சேர்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது பேச்சுக்குப் பிறகுதான். அதற்குள் மூச்சுத்திணறலும் எலும்பு வலியும் தூக்கமின்மையும் அவரை மாதக்கணக்கில் ஆட்டிப்படைத்திருக்கும். கீமோதெரபி தொடங்கும் அதே வாரத்தில், வலி, மூச்சுத்திணறல் போன்ற துன்பங்களைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் தொடங்க வேண்டும் என்பதே இன்று நான் வற்புறுத்த வந்த செய்தி.

இதற்கு வலுவான சான்று உண்டு. பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மருத்துவர் ஜெனிஃபர் டெமெல் குழுவினர் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. நோய் பரவிய நிலையில் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சை மட்டும் தந்தார்கள். மற்றப் பிரிவினர் அதே சிகிச்சையோடு மாதம் ஒரு முறையேனும் நோய்த்தணிப்புக் குழுவையும் சந்தித்தார்கள். 12 வாரங்களுக்குப் பின், முதல் பிரிவில் 38 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இரண்டாம் பிரிவில் அது 16 விழுக்காடுதான். இறுதிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளுக்கு உட்பட்டவர்கள் இரண்டாம் பிரிவில் குறைவாக இருந்தும், அவர்களுடைய இடைநிலை ஆயுட்காலம் (அதாவது, பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 11.6 மாதமாக இருந்தது, மற்றவர்களுக்கு 8.9 மாதம். பின்னால் வந்த ஆய்வுகள் அனைத்திலும் இந்த ஆயுள் நீட்டிப்பு திரும்பக் கிடைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வாழும் நாள்கள் நன்றாக அமைவதே போதுமான காரணம் என்பது என் கருத்து. நோய் கண்டறிந்த 8 வாரத்துக்குள் இத்தகைய குழுவிடம் அனுப்ப வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2017-இல் வழிகாட்டியது.

அந்தச் சந்திப்புகளில் என்னதான் நடக்கிறது? ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நோய் இடுப்பெலும்புக்குப் பரவியிருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்தில் சேலத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் உடல் ஒருபக்கம் சாயும்போது இடுப்பில் கத்தி செருகியது போல் வலிக்கிறது. இரண்டு முறை வந்துவிட்டு, மூன்றாம் முறை ‘எனக்குக் கீமோவே வேண்டாம்’ என்கிறார். பயந்துவிட்டார் என்று வீட்டார் நினைக்கிறார்கள்; அவர் வெறுத்தது அந்தப் பயணத்தை. புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு, அபினிலிருந்து கிடைக்கும் வலுவான வலி மருந்தான மார்ஃபின் மாத்திரை ஒன்று, இடுப்புக்கு ஒரே ஒரு தடவை கதிர்வீச்சுச் சிகிச்சை, பேருந்தில் முன்பக்க இருக்கை என்று ஏற்பாடு செய்துவிட்டால் அவர் சிகிச்சையைத் தொடரக்கூடும். மூச்சுத்திணறலுக்கும் இப்படித்தான்: நெஞ்சில் நீர் கோத்திருந்தால் அதை எடுத்துவிடுவது, மேசைமேல் தலையணை வைத்து முன்சாய்ந்து உட்காரப் பழக்குவது, சிறு கைவிசிறியின் காற்று மூக்கிலும் கன்னத்திலும் படும்படி பிடிப்பது, தேவையானால் மிகக் குறைந்த அளவு மார்ஃபின்.

மார்ஃபின் என்றதுமே சிலர் முகம் சுளிப்பது மேடையிலிருந்தே தெரிகிறது. ‘பழகிவிடுமே’ என்பார்கள். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கண்காணிப்பில், அளவு பார்த்துக் கொடுக்கும்போது போதைப் பழக்கம் அரிதாகவே ஏற்படுகிறது. மலச்சிக்கலோ ஏறக்குறைய எல்லோருக்கும் வரும்; ஆகவே முதல் சீட்டிலேயே மலமிளக்கியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தபின் மருத்துவமனைகள் பல உரிமங்களுக்கு அலைய நேர்ந்ததால் இந்த மருந்து நம் நாட்டில் அரிதாயிற்று. 2014-இல் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் நம் அச்சம் மாறவில்லை.

இன்னொரு கூட்டத்தார், ‘அந்த டாக்டரிடம் போனால் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடும்’ என்று தயங்குகிறார்கள். அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரியும். வீட்டில் பேச்சு நின்றுபோன அன்றே அவர் ஊகித்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும்படி யாரும் கேட்கவில்லை. ‘உங்கள் உடம்பைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று அவரிடமே கேட்டு, அவர் தாங்கும் அளவுக்குச் சொல்வதுதான் முறை. முற்றிய நோய் என்றாலே நாள்களை எண்ண வேண்டியதுதான் என்றும் இல்லை, ஈ.ஜி.எஃப்.ஆர். போன்ற மரபணு மாற்றம் இருப்பவர்களில் பலர் தினசரி மாத்திரையிலேயே ஆண்டுக்கணக்கில் வேலைக்குப் போய்வருகிறார்கள். (இவர்களில் பீடி, சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் ஏராளம். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ‘புகைப்பாரோ?’ என்று கேட்பதை நிறுத்தினால் அதுவே பெரிய உபகாரம்.)

மலையில் இருப்பவர்களுக்குத் தூரம் ஒரு தடை. 2024-இல் வெளியான மற்றோர் ஆய்வில் அமெரிக்காவின் 22 மையங்களைச் சேர்ந்த 1,250 நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குக் காணொளி வழியாகவும் நேரிலும் இதே சிகிச்சையை அளித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் நோயாளிகளின் வாழ்க்கைத் தரம் சமமாகவே இருந்தது. கைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் இடத்தில் அமர்ந்து மருந்தளவைப் பேசி மாற்றிக்கொள்ள முடியுமென்றால், அதற்காக மட்டும் ஒருவரை மலையிறக்க வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டுக்கே வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு அடங்கியிருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதியுங்கள். படுத்த படுக்கையாகும் வரை காத்திருக்க வேண்டாம். நேரில் பார்க்க வேண்டியிருந்தால் கீமோவுக்கோ ரத்தப் பரிசோதனைக்கோ சேலம் வரும் நாளிலேயே வலி தணிப்பு மருத்துவரின் சந்திப்பையும் கேட்டு வாங்குங்கள். போகும்போது, இரவில் எத்தனை மணிக்கு வலி எழுப்பியது, எந்த மாத்திரை எவ்வளவு நேரம் தாங்கியது என்று குறித்த ஒரு தாளைக் கையோடு கொண்டுபோங்கள்.