லாக்கரில் இருந்த புட்டியை எல்லோரும் பார்த்தார்கள்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், வெளியே பனி கொட்டினாலும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொங்கல் விழாவுக்கு வந்திருக்கும் நியூஜெர்சித் தமிழ்ச் சொந்தங்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் ஊக்கமருந்து பெருகியதற்குப் பெரிதும் காரணம் வீரர்களா, நிர்வாகமா என்பது இன்றைய தலைப்பு. நிர்வாகமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரே கேள்வியில் வழக்கை முடிக்கப் பார்த்தார். "ஊசி யார் கையில் இருந்தது?" என்றார். அரங்கம் கைதட்டியது. நியாயமான கேள்விதான். போட்டுக்கொண்டவர்கள் வீரர்கள்தான். நட்சத்திர வீரர் மார்க் மக்வயர் பல ஆண்டுகள் மழுப்பிவிட்டு 2010-ல் ஒப்புக்கொண்டார். இன்னொரு வீரர் ரஃபேல் பால்மேரோ 2005 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் விரலை நீட்டி, தசையை வளர்க்கும் ஊக்கமருந்தான ஸ்டீராய்டைத் தொட்டதே இல்லை என்றார். ஆகஸ்டில் அவருடைய பரிசோதனை முடிவு வேறு கதை சொன்னது. இவர்களுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

ஆனால் அந்த ஊசி ஒரு நாள், இரண்டு நாள் விஷயம் இல்லை ஐயா. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. அத்தனை ஆண்டும் அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருந்தது? கல்லாப்பெட்டி யாரிடம் இருந்தது? என் கேள்வி அதுதான்.

"நிர்வாகத்துக்குத் தெரியாது" என்று எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி சொன்னார். 1988 அக்டோபரில் பாஸ்டன் ஃபென்வே பார்க் மைதானத்தில், எதிரணி வீரர் ஹோசே கன்சேகோவைப் பார்த்து கூட்டம் ஒரே குரலில் "ஸ்டீராய்ட்ஸ், ஸ்டீராய்ட்ஸ்" என்று கத்தியது. அவர் புஜத்தை மடக்கிக் காட்டினார். டிக்கெட் வாங்கிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு 1988-லேயே தெரிந்திருக்கிறது. அணியின் முதலாளிக்கும் டாக்டருக்கும் தெரியாதாம்.

1991-ல் அன்றைய கமிஷனர், அதாவது பேஸ்பால் நிர்வாகத்தின் தலைவர், ஃபே வின்சென்ட் எல்லா அணிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஸ்டீராய்டும் தடைக்குள் வரும் என்று அதில் இருந்தது. பரிசோதனை உண்டா என்றால், இல்லை. 1997-ல், அவருக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்த பட் செலிக் அதையே திரும்ப அனுப்பினார். அப்போதும் பரிசோதனை இல்லை. தேர்வே வைக்காமல் "காப்பியடிக்காதே" என்று பலகை மாட்டி வைத்த பள்ளிக்கூடத்தை நாம் யாராவது பள்ளிக்கூடம் என்று சொல்வோமா?

அப்புறம் 1994 வந்தது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகள் நின்றார்கள், வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 232 நாள். இரண்டு உலகப் போர்களின்போதும் நிற்காத வேர்ல்ட் சீரிஸ், ஆண்டுதோறும் நடக்கும் இறுதிக் கோப்பைத் தொடர், அந்த ஆண்டு நடக்கவில்லை. கோபித்துக்கொண்ட ரசிகன் 1995-ல் திரும்பி வரவில்லை. மைதானத்துக் கூட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. கடை காலியாகக் கிடந்தது. அந்தக் கடைக்குக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது எது? 1998-ன் கோடை.

இங்கே மூத்தவர்கள் பலர் அந்தக் கோடையில்தான் புதிதாக அமெரிக்கா வந்து இறங்கியிருப்பீர்கள். பேஸ்பால் புரியாதவர்கள்கூட டிவி முன்னால் உட்கார்ந்த கோடை அது. செயின்ட் லூயிஸில் மக்வயர், சிகாகோவில் சாமி சோசா. ஹோம் ரன் என்றால் நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. ரோஜர் மாரிஸ் 1961-ல் ஒரே பருவத்தில் அடித்த 61 ஹோம் ரன் என்ற சாதனையை இரண்டு பேரும் துரத்தினார்கள். ஆகஸ்டில் ஒரு நாள், மக்வயர் பேட்டி கொடுக்க வருவார் என்று நிருபர்கள் அவருடைய லாக்கர் முன்னால் காத்திருந்தார்கள். ஏபி செய்தி நிறுவனத்தின் ஸ்டீவ் வில்ஸ்டைன் நிமிர்ந்து பார்த்தார். மேல்தட்டில், யாரும் ஒளித்து வைக்காமல், ஒரு புட்டி. ஆண்ட்ரோஸ்டீன்டையோன். உடலுக்குள் போனால் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய பொருள். ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்தில் தடை. பேஸ்பாலில் மட்டும் தடை இல்லை.

ஐயா, அந்தப் புட்டியைக் கொஞ்சம் மனதில் நிறுத்துங்கள். தப்பு என்று நினைத்தவன் ஒளித்து வைப்பான். அது கண் மட்டத்தில் திறந்து கிடந்தது. தினமும் அந்த அறைக்குள் பயிற்சியாளர் வருகிறார், டாக்டர் வருகிறார், துண்டு மடித்து வைக்கும் பையன் வருகிறான். எல்லோர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். எழுதியவர் ஒரே ஒருவர். எழுதியதும் என்ன நடந்தது? அணி நிர்வாகம் மக்வயரின் பக்கம் நின்று அறிக்கை விட்டது. மேலாளர் டோனி லா ரூசா, அந்தச் செய்தி நிறுவனத்தை உடைமாற்றும் அறைக்குள்ளேயே விடக்கூடாது என்றார். புட்டியை எடுத்து வெளியே எறியவில்லை, புட்டியைப் பார்த்தவரை வெளியே தள்ளப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 8-ஆம் தேதி 62-ஆவது ஹோம் ரன். மாரிஸின் பிள்ளைகள் அரங்கில் இருந்தார்கள். மக்வயர் தன் மகனைத் தூக்கி முத்தமிட்டார். சோசா ஓடி வந்து கட்டிக்கொண்டார். கமிஷனர் செலிக் அன்றிரவே மக்வயருக்கு விருது கொடுத்தார். புட்டிச் செய்தி வெளியாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. மக்வயர் 70-இல் முடித்தார், சோசா 66-இல் முடித்தார். 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 120 கோடி டாலர் அளவில் இருந்த மேஜர் லீகின், அதாவது பேஸ்பாலின் உச்ச நிலைப் போட்டிகளின், வருமானம் 2007-ல் 600 கோடியைத் தாண்டியது. அதில் வீரனுக்கும் பங்கு போனது, மறுக்கவில்லை. ஆனால் வீரன் பத்து வருடம் ஆடிவிட்டுப் போய்விடுவான். அணி முதலாளியிடமே இருக்கும்.

"நிர்வாகம் பரிசோதனை கேட்டது, வீரர் சங்கம்தான் தடுத்தது" என்றும் எதிரணி சொன்னது. அது அவர்களுடைய பலமான வாதம், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். சங்கம் தடுத்தது உண்மை. ஆனால் சம்பள உச்சவரம்புக்காக ஒரு வேர்ல்ட் சீரிஸையே பலி கொடுத்தவர்கள், பரிசோதனைக்காக ஒரே ஒரு ஆட்டத்தையாவது விட்டுக்கொடுத்தார்களா? 1994 பேச்சுவார்த்தையில் அந்த யோசனையை மேசைமேல் வைத்ததாகச் சொல்கிறார்கள். வைத்ததோடு சரி, அதற்காகப் பிடிவாதம் பிடிக்கவில்லை.

இன்னொன்று. மேஜர் லீகுக்குக் கீழே மைனர் லீக் இருக்கிறது. பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள், ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு அந்நாளில் சங்கமே கிடையாது. கமிஷனர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மறுநாளே பரிசோதனை வந்துவிடும். அந்தக் கையெழுத்து எப்போது விழுந்தது? 2001-ல். சுற்றறிக்கை போனது 1991-ல். தடுக்க ஆளே இல்லாத இடத்திலும் பத்து ஆண்டு சும்மா இருந்துவிட்டு, சங்கத்தின் மேல் பழி போடுவது எந்த ஊர் நியாயம்?

இன்னும் கேளுங்கள். 2005 மார்ச் 17-ஆம் தேதி நாடாளுமன்றக் குழு எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தது. அப்போது முதல் தப்புக்குத் தண்டனை 10 நாள் தடை. அதே ஆண்டு நவம்பரில் அது 50 ஆட்டமாக ஏறியது, இரண்டாவது தப்புக்கு 100, மூன்றாவதுக்கு ஆயுள் தடை. எட்டே மாதம். அதே சங்கம்தான் ஒப்புக்கொண்டது. சட்டம் வந்துவிடுமோ என்று பயம் வந்தபோது முடிந்த காரியம், பணம் கொட்டிக்கொண்டிருந்தவரை முடியாமல் போனதாம்.

சரி, யோக்கியமாக ஆடியவர்களைப் பற்றி எதிரணி உருக்கமாகப் பேசியது. நானும் அவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ரிக் ஹெல்லிங் என்று ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காரர். 1998 குளிர்காலத்தில், மக்வயரின் புகழ் உச்சியில் இருந்தபோது, சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார், மருந்து எடுக்காதவன் பின்தங்கிப் போகிறான், ஏதாவது செய்யுங்கள் என்று. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2003-ல் பெயர் வெளியிடாத, தண்டனை இல்லாத ஒரு மாதிரிப் பரிசோதனை வந்தது. 5 சதவீதத்துக்கு மேல் சிக்கினால்தான் அடுத்த ஆண்டு உண்மையான பரிசோதனை. அப்போது சிகாகோ வைட் சாக்ஸ் அணியில் ஒரு கூட்டம் வீரர்கள் என்ன யோசித்தார்கள் தெரியுமா? பரிசோதனைக்கு மறுத்தால் சிக்கியவனாகக் கணக்கு. அதனால் நாம் மறுப்போம், அந்தச் சதவீதம் ஏறட்டும், பரிசோதனை நிரந்தரமாக வரட்டும் என்று! கடைசியில் சங்கம் பேசி அவர்களைத் தடுத்துவிட்டது. அந்தப் பழி சங்கத்துக்கு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பாருங்கள், காவல் போடு என்று உள்ளே இருந்தவன் கெஞ்சியிருக்கிறான். காவல்காரன்தான் வரவில்லை.

இனி நான் சொல்லப்போவது, இந்த வழக்கில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம். 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் 409 பக்க அறிக்கை கொடுத்தார். 89 வீரர்களின் பெயர் அதில் வந்தது. மறுநாள் ஊரெல்லாம் அந்தப் பெயர்ப் பட்டியலைத்தான் படித்தது. அதே அறிக்கைக்குள் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி அதிகாரிகள் 2003 அக்டோபரில் கூடிப் பேசியதன் குறிப்பு இருக்கிறது. தங்கள் அணியின் கேட்சர், அதாவது பந்து பிடிப்பவர், பால் லோ டூகாவைப் பற்றியது. நான் தமிழில் சொல்கிறேன்: இப்போது ஸ்டீராய்டை விட்டுவிட்டார், அதனால் பலமான அடிகள் குறைந்துவிட்டன. ஃப்ளோரிடா அணி கேட்கக்கூடும், சரியான ஈடு கிடைத்தால் மாற்றிவிடலாம். மாற்றினால் மறுபடி மருந்துக்குப் போவார், நன்றாக ஆடிக் காட்டப் பார்ப்பார்.

ஐயா, மாட்டுச் சந்தையில்கூட இப்படிப் பேசமாட்டார்கள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர் மருந்து எடுத்தது தெரிந்திருக்கிறது. விட்டதும் தெரிந்திருக்கிறது. விட்டவனைக் கூப்பிட்டு "நல்லது செய்தாய் தம்பி" என்று அவர்கள் சொன்னதாக அந்தக் குறிப்பில் இல்லை. விட்டதால் விலை குறைந்தது என்றுதான் எழுதி வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் ஃப்ளோரிடாவுக்கே மாற்றப்பட்டார். மருந்தை விட்டால் மதிப்புக் குறையும், எடுத்தால் ஏறும் என்ற கணக்கை அந்த வீரன் மட்டுமா போட்டான்? அவன் முதலாளியின் மேசையிலும் அதே கணக்கு இருந்தது.

நம் மதுரையில் சிலம்பு வழக்கு நடந்தது. பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆனாலும் ஆராயாமல் தீர்ப்புச் சொன்ன பாண்டியன், பொற்கொல்லன்மேல் பழியைத் தள்ளிவிட்டுச் சிம்மாசனத்தில் உட்காரவில்லை. தானே குற்றவாளி என்று அந்த இடத்திலேயே விழுந்தான். அரசன் என்றால் நமக்கு அதுதான் அளவுகோல்.

என் மகனுக்குப் பதினைந்து வயது. பிட்சர். போன ஆண்டு ஒரு பயிற்சிக்கூடத்தில் ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார், "கை நல்ல கை. உடம்புதான் பத்தாது. கோடைக்குள்ளே 20 பவுண்டு ஏத்தணும்." ஒரு துண்டுச்சீட்டில் ஏதோ பவுடரின் பெயரை எழுதிக் கொடுத்தார். "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "எல்லாரும் எடுக்கிறாங்க சார்" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. வீடு வரும்வரை பையன் அந்தச் சீட்டைக் கையிலேயே வைத்திருந்தான். அதைக் கேட்டு வாங்கிக் கிழிக்க எனக்கு அன்றைக்கு இருந்த சங்கடம் எனக்குத்தான் தெரியும். 2005 மார்ச்சில் அந்தக் குழுவின் முன்னால் வீரர்களுக்கு முன்பே பேசியவர்கள், ஸ்டீராய்டால் தங்கள் மகன்களைப் பறிகொடுத்த பெற்றோர். பேஸ்பால் ஆடிய பிள்ளைகள் அவர்கள். அந்தப் பேச்சின் எழுத்து வடிவத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

நடுவர் மணி அடித்துவிட்டார், ஒரு நிமிடம் கொடுங்கள் ஐயா.

கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பாலின் புகழ் மண்டபம் இருக்கிறது. இங்கிருந்து காரில் நான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கோடையில் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். வெண்கலப் பலகைகள் வரிசையாக இருக்கும். பட் செலிக்கின் பலகை 2017-ல் அங்கே வந்தது. ஒரு பருவத்தில் 73 ஹோம் ரன், மொத்தம் 762 ஹோம் ரன் அடித்து, ஊக்கமருந்துப் புகாரிலும் சிக்கிய பாரி பாண்ட்ஸுக்குப் பலகை இல்லை. பத்து ஆண்டு வாக்கெடுப்பில் கடைசி முறை, 2022-ல், அவருக்கு 66 சதவீதம் கிடைத்தது, வேண்டியது 75. அவர் அடித்த 756-ஆவது ஹோம் ரன் பந்தில் ஒருவர் களங்கக் குறியாக நட்சத்திரம் பொறித்து அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்திருக்கிறார் என்று மகனிடம் சொன்னேன். செலிக்கின் பலகை முன்னால் நின்றபடி அவன் கேட்டான்: "அப்பா, பந்து உள்ளே இருக்கு. அடிச்சவர் வெளியே இருக்கார். அப்போ கமிஷனரா இருந்தவர் மட்டும் எப்படி உள்ளே வந்தார்?"

தீர்ப்புச் சொல்லும்போது என் மகனுக்கும் சேர்த்துப் பதில் சொல்லுங்கள் ஐயா. முன்வரிசையில், நீலத் தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பவன் அவன்தான். நன்றி, வணக்கம்.