பெயர் சொல்லாத பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். அயர்லாந்துக் கவிதைக்கும் ஜார்ஜியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பீர்கள். 1801இலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதி அயர்லாந்து தன் நாடாளுமன்றத்தை இழந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கிழக்கு ஜார்ஜியாவை ரஷ்யப் பேரரசு விழுங்கியது. ஐரோப்பாவின் இரு கோடிகளில் இருந்த இரண்டு சிறிய நாடுகளுக்கு ஒரே தலையெழுத்து.

இரண்டு ஆண்டு கழித்து, டப்ளினில் கிளர்ச்சி செய்த ராபர்ட் எம்மெட் தூக்கிலிடப்பட்டார். என் நாடு விடுதலை பெறும்வரை என் கல்லறையில் யாரும் எதுவும் எழுதக் கூடாது என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய கல்லூரி நண்பர் தாமஸ் மூர் அந்த வாக்கை வைத்தே ஒரு பாட்டு எழுதினார். அவன் பெயரைச் சொல்லாதீர்கள், அது நிழலிலேயே உறங்கட்டும் என்று தொடங்கும். ஓசையின்றி விழும் இரவுப் பனியில் அவன் தலைமாட்டுப் புல் பச்சை பிடிக்கும் என்று போகும். பாட்டு முழுக்கத் தேடினாலும் எம்மெட் கிடைக்க மாட்டார். அயர்லாந்து என்ற பெயர்கூட இல்லை. தணிக்கை அதிகாரி எந்த வரியைக் காட்டி வெட்டுவார்? இப்படிப்பட்ட பாட்டு எந்த அடிமை நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர்ப் பாட்டாகிவிடும். மொழிபெயர்ப்பின் அரசியல் என்று நான் சொல்வது இதைத்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜார்ஜியர்களுக்கு ஐரோப்பியக் கவிதை பெரும்பாலும் ரஷ்ய மொழி வழியாகவே வந்து சேர்ந்தது. ஆள்பவனின் மொழிதான் ஜன்னல்! மூரின் ‘மாலை மணிகள்’ பாட்டைப் பார்வையிழந்த ரஷ்யக் கவிஞர் இவான் கஸ்லோவ் 1820களில் மொழிபெயர்க்க, அது ரஷ்ய நாட்டுப்பாடல் போலவே ஆகிவிட்டது. அப்புறம் ஒரு கதை கிளம்பியது. மூரின் பாட்டுக்கே மூலம், பதினோராம் நூற்றாண்டு ஜார்ஜியத் துறவி ஒருவர் எழுதியதுதானாம். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனாலும் எனக்கு இந்தக் கதை பிடிக்கும். பிடித்த பாட்டை எங்களுடையது என்று உரிமை கொண்டாடும் ஆசை எந்த ஊரில்தான் இல்லை?

ஜார்ஜியத் தேசிய எழுச்சியின் தலைமகன் இலியா சாவ்சவாட்ஸே தன் ‘இவேரியா’ இதழில் அயர்லாந்தின் தன்னாட்சிக் கோரிக்கையைப் பற்றி எழுதினார். லண்டனை விமர்சித்து எழுதியதை வாசகர்கள் அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கை மனத்தில் வைத்துப் படித்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

சோவியத் காலத்துக்கு வருவோம். ஜார்ஜிய எழுத்தாளர் ஸ்வியாட் கம்சகுர்தியா ஆங்கில இலக்கியம் படித்தவர். ஷேக்ஸ்பியர், எலியட் ஆகியோரோடு டப்ளின்காரரான ஆஸ்கார் வைல்டையும் ஜார்ஜிய மொழிக்குக் கொண்டுவந்தவர். வைல்டைச் சிலர் வெறும் அழகியல்வாதி என்று ஒதுக்குவார்கள். அவருடைய அம்மா ஜேன் வைல்டோ, ‘ஸ்பெரான்சா’ என்ற புனைபெயரில் அயர்லாந்து விடுதலைக் கவிதைகள் எழுதியவர். 1848இல் ஆயுதம் எடுக்கச் சொல்லி அவர் எழுதிய கட்டுரை, ‘தி நேஷன்’ பத்திரிகையையே அரசு முடக்கும் அளவுக்குப் போனது.

கம்சகுர்தியா 1977இல் கைதானார். மனித உரிமைக் குழு அமைத்ததுதான் குற்றம். 1991இல் அவரே விடுதலை பெற்ற ஜார்ஜியாவின் முதல் அதிபர். அடுத்த ஜனவரியிலேயே துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே தலைநகரை விட்டு ஓட வேண்டியதாயிற்று. கவிதையை மொழிபெயர்த்தவர் நல்ல ஆட்சியாளராகவும் இருப்பார் என்று எதிர்பார்ப்பது கவிதைக்கும் நியாயமில்லை, ஆட்சிக்கும் நியாயமில்லை. அவருடைய ஆட்சியைப் பற்றி ஜார்ஜியர்கள் இன்றும் இரண்டு பட்டுத்தான் பேசுகிறார்கள்.

நன்றி, நேயர்களே.