40,000 ரூபாய் கட்டும் முன் இதைப் பாருங்கள்: குறைந்த செலவில் ஹெச்ஆர் தேர்வுக்குத் தயாராவது எப்படி?

[திரையில்: ஓசூர் சிப்காட், காலை ஷிப்ட், வரிசையாக நிற்கும் கம்பெனி பேருந்துகள்]

வணக்கம் மக்களே! ஓசூரில் ஒரு டைம் ஆபீஸில், அதாவது தொழிலாளர்களின் வருகையைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் வேலை. சம்பளம் இருபதாயிரம். "ஹெச்ஆர் சர்டிபிகேட் ஒன்று இருந்தால் எக்ஸிகியூட்டிவ் ஆகிவிடலாம்" என்று சீனியர் ஒருவர் சொல்கிறார். அன்று இரவே கூகுளில் தேடுகிறீர்கள். முதலில் வந்து நிற்பது பிஹெச்ஆர், எச்ஆர்சிஐ என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் ஹெச்ஆர் சர்டிபிகேட் தேர்வு. தேர்வுக் கட்டணம் 395 டாலர், விண்ணப்பத்துக்குத் தனியாக 100 டாலர். ரூபாயில் நாற்பதாயிரத்தைத் தாண்டும். இரண்டு மாதச் சம்பளம் அப்படியே போய்விட்டது. சரி, எதிர்காலத்துக்குத்தானே என்று கட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், உள்ளே இருப்பது அமெரிக்கச் சட்டம்!

1938-இல் அமெரிக்கா போட்ட சம்பளச் சட்டம். 1964-இல் வந்த சிவில் உரிமைச் சட்டம். 1993-இல் வந்த குடும்ப விடுப்புச் சட்டம். அந்த விடுப்புச் சட்டம் குழந்தை பிறந்தால் கொடுப்பது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். நம் நாட்டில் 2017-இலிருந்து, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோடு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேலை செய்யப்போகிற ஒருவர் நாற்பதாயிரம் கட்டி அந்த 12 வாரத்தை மனப்பாடம் செய்வது, ஓசூர் போக வேண்டியவர் திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்து உட்கார்ந்த மாதிரி.

[திரையில்: "பிஹெச்ஆர்" என்ற எழுத்து. பக்கத்தில் "பிஹெச்ஆர்ஐ"]

இதே எச்ஆர்சிஐ அமைப்பு, அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்களுக்கென்றே தனித் தேர்வுகளை நடத்துகிறது. பெயரின் கடைசியில் ஒரு 'ஐ' இருக்கும். ஏபிஹெச்ஆர்ஐ, பிஹெச்ஆர்ஐ, எஸ்பிஹெச்ஆர்ஐ. இவற்றில் அமெரிக்கச் சட்டம் கிடையாது. ஆள் எடுப்பது, பயிற்சி, சம்பள அமைப்பு, பணியாளர் உறவு என்று எந்த நாட்டுக்கும் பொருந்தும் விஷயங்கள்தான். விண்ணப்பப் பக்கத்தில் பணம் கட்டும் பொத்தானை அழுத்தும் முன், அந்தக் கடைசி எழுத்து இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள்.

எதை எடுப்பது? அனுபவமே இல்லை, இப்போதுதான் தர்மபுரியில் எம்பிஏ முடித்தேன் என்றால் ஏபிஹெச்ஆர்ஐ. அதற்கு அனுபவம் கேட்பதில்லை. விண்ணப்பத்தோடு சேர்த்து 400 டாலர். பிஹெச்ஆர்ஐக்கு ஹெச்ஆர் அனுபவம் வேண்டும்: முதுகலை என்றால் ஓர் ஆண்டு, இளங்கலை என்றால் இரண்டு, பட்டம் இல்லையென்றால் நான்கு. பட்டம் இல்லாமல் கிளார்க்காகச் சேர்ந்து டைம் ஆபீஸிலேயே வளர்ந்தவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் நான்கு ஆண்டும் ஹெச்ஆர் வேலையாக இருக்க வேண்டும். ஆகவே உங்கள் அனுபவச் சான்றிதழில் 'ஆபீஸ் அசிஸ்டென்ட்' என்று மட்டும் எழுதாமல், செய்த வேலையையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

எஸ்எச்ஆர்எம் பற்றியும் கேட்பீர்கள். 1948-இல் தொடங்கிய அமெரிக்க ஹெச்ஆர் அமைப்பு, எச்ஆர்சிஐக்கே தாய்வீடு. 2014-இல் தனியாகத் தன் சர்டிபிகேட்டை அறிவித்தது. அதனால்தான் சந்தையில் இரண்டு பிராண்ட் இருக்கின்றன. நம் பட்ஜெட்டுக்கு இன்று ஏபிஹெச்ஆர்ஐயும் பிஹெச்ஆர்ஐயும் போதும்.

[திரையில்: "படிக்க எவ்வளவு செலவு?"]

தேர்வுக் கட்டணத்தை நம்மால் குறைக்க முடியாது. படிக்கும் செலவைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். கோச்சிங் என்ற பெயரில் தேர்வுக் கட்டணத்துக்குச் சமமாக வாங்கும் இடங்கள் இருக்கின்றன. கடன் வாங்கி அங்கே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் எச்ஆர்சிஐ இணையதளத்திலேயே ஒவ்வொரு தேர்வுக்கும் பாடத்திட்டம் இலவசமாக இருக்கிறது. எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று போட்டிருப்பார்கள். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில், என்பிடெல் என்ற பெயரில் வரும் ஐஐடி வீடியோ வகுப்புகள். மனிதவள மேலாண்மைப் பாடங்களை ஐஐடி பேராசிரியர்களே நடத்துகிறார்கள். பார்ப்பதற்குக் காசில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய். டாலர் தேர்வுக்குப் பணம் சேரும்வரை, பயோடேட்டாவில் போடுவதற்கு அந்த ஆயிரம் ரூபாய்ச் சான்றிதழே நல்ல தொடக்கம்.

இன்னொன்று, யாரும் சொல்லித்தராதது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யுஜிசி நெட் தேர்வில் 55-ஆம் எண் பாடம் எது தெரியுமா? தொழிலாளர் நலன், மனிதவள மேலாண்மை, தொழில் உறவுகள் எல்லாம் சேர்ந்த பாடம். அதன் பழைய வினாத்தாள்கள் விடைகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. நீங்கள் நெட் எழுத வேண்டியதில்லை. ஆனால் மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க் ஆகியோரின் ஊக்கக் கோட்பாடுகள், வேலைப் பகுப்பாய்வு, தொழிற்சங்கத்தோடு பேரம் பேசுதல் என்று தாள் ஒன்றுக்கு நூறு கேள்வி, சும்மா கிடக்கிறது. காசு கொடுத்து வாங்கும் கேள்வி வங்கிக்கு முன்னால் இதைப் போட்டுப் பாருங்கள்.

உட்கார்ந்து படிக்க இடம் இல்லையா? மாவட்ட மைய நூலகம். அல்லது மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம். டிஎன்பிஎஸ்சி படிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாலே நமக்கும் படிப்பு வரும். தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ரயிலில் போகிறவர்களுக்குப் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக வரும் அந்த நேரமே ஒரு பாடம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ரயில் இல்லை. சூளகிரி வழி பஸ்ஸில் புத்தகம் படிப்பது கஷ்டம், காதில் வகுப்பைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

[திரையில்: பழைய புத்தகக் குவியல், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி]

இப்போது நான் இந்த வீடியோ எடுக்கக் காரணமான விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், ஓட்டிவிட வேண்டாம்.

பிஹெச்ஆர்ஐயில் இந்தியச் சட்டம் வராது. ஆனால் அந்த சர்டிபிகேட்டை வைத்து நீங்கள் போகும் இன்டர்வியூவில் அதுதான் முதல் கேள்வி. மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய தொழிலாளர் சட்டப் புத்தகம் வாங்கினால், அங்கேதான் வழுக்கும். 2025 நவம்பர் 21-ஆம் தேதி நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் போய்விட்டன. பழைய புத்தகம், 500 தொழிலாளர் இருந்தால் வெல்ஃபேர் ஆபீசர், அதாவது தொழிலாளர் நல அலுவலர் வேண்டும் என்று சொல்லும். புதிய தொகுப்பில் அது 250. நம் ஊர் இளைஞர்களுக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் அந்த நாற்காலிகளின் எண்ணிக்கை கூடப்போகிறது.

சட்டம் படிக்கப் புத்தகமே வேண்டாம். மத்திய அரசின் இந்தியா கோட் தளத்தில் சட்டங்கள் முழுமையாக இருக்கின்றன. பிரிவைப் படியுங்கள், படித்த உடனே ஒரு பே ஸ்லிப்பை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒன்றை இப்போதே போடலாம். பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: வெள்ளைத் தாள், கையால் எழுதும் கணக்கு]

ஒரு தொழிலாளி, பத்து ஆண்டு சர்வீஸ். மாதச் சம்பளம் 40,000. அதில் பேசிக் என்ற அடிப்படைச் சம்பளமும் டிஏ என்ற அகவிலைப்படியும் சேர்ந்து 14,000. மீதி 26,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இவருக்குக் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை எவ்வளவு?

சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். கடைசி மாத ஊதியம் பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் சர்வீஸ் ஆண்டுகள். பழைய கணக்குப்படி 14,000-ஐப் போட்டால் 80,769 ரூபாய் வரும்.

புதிய தொகுப்பு என்ன சொல்கிறது? ஊதியத்தில் சேராது என்று ஒதுக்கும் படிகள், மொத்தத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. போனால், மிஞ்சியது ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இங்கே பாதி என்பது 20,000. படிகளோ 26,000. மிஞ்சிய 6,000 பேசிக் பக்கம் வந்து சேர்கிறது. இப்போது ஊதியம் 20,000. அதே சூத்திரம், அதே பத்து ஆண்டு, விடை 1,15,385 ரூபாய்! ஒரே ஆள், ஒரே வேலை, 34,616 ரூபாய் வித்தியாசம். இதை இன்டர்வியூவில் தாளில் போட்டுக் காட்டுகிறவரை எந்த மேனேஜர் விடுவார்?

"அப்போ பிஎஃப் பிடித்தமும் எகிறுமா, கையில் வரும் சம்பளம் குறையுமா?" என்று ஷாப் ஃப்ளோரில் கேட்பார்கள். பிஎஃப் 12 சதவீதம், கட்டாய உச்ச வரம்பு 15,000 ரூபாய் ஊதியம். முன்பு 14,000-க்கு 1,680. இப்போது வரம்போடு நிறுத்தினால் 1,800. வித்தியாசம் 120 ரூபாய். ஓசூரில் இந்தப் பதிலைத் தமிழிலும், தெலுங்கிலும், கன்னடத்திலும் சொல்ல வேண்டியிருக்கும். அப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் எல்லைப் பகுதியில்தான் நிறைய இருக்கிறார்கள். பயோடேட்டாவில் மூன்று மொழியையும் பெருமையாக எழுதுங்கள்.

சரி, மாதத்துக்கு 30 நாள் இருக்க, 26-ஆல் ஏன் வகுக்கிறோம்? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1972-இல் கிராஜுவிட்டிச் சட்டம் வந்தபோது 'பதினைந்து நாள் ஊதியம்' என்றுதான் இருந்தது. 30-ஆல் வகுப்பதா, 26-ஆல் வகுப்பதா என்ற சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, உழைத்தது 26 நாள், அந்த 26 நாளுக்குத்தான் மாதச் சம்பளம் என்று 1980-இல் தீர்ப்பு வந்தது. 1987 திருத்தத்தில் அதைச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். நம் தொழிலாளிக்கு 30-ஆல் வகுத்திருந்தால் சரியாக ஒரு லட்சம். 26-ஆல் வகுப்பதால் 15,385 ரூபாய் கூடுதல். ஞாயிற்றுக்கிழமைகளை மதித்த கணக்கு இது. இப்படி ஒரு தடவை புரிந்துகொண்டால் சூத்திரம் ஆயுளுக்கும் மறக்காது.

நிரந்தரமில்லாத ஆட்களுக்கும் ஒரு வரி. குறிப்பிட்ட காலத்துக்கு நேரடி ஒப்பந்தத்தில் எடுத்தவருக்கு, நிரந்தரத் தொழிலாளிக்குப் போல ஐந்து ஆண்டு தேவையில்லை, ஓர் ஆண்டு முடித்தாலே கிராஜுவிட்டி உண்டு. தமிழ்நாட்டுக்கென்று 1981-இல் வந்த சட்டமும் இருக்கிறது: 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தர அந்தஸ்து. இந்த இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் சிப்காட் கேட்டுக்குள் போகாதீர்கள்.

[திரையில்: டெபிட் கார்டு, டாலர் குறி]

பணம் கட்டும் விஷயத்தை வேகமாகச் சொல்கிறேன். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை இயக்கி வையுங்கள். வங்கி தன் பங்குக்கு மாற்றுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் பிடிக்கும், ஆகவே கையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். 100 டாலர் விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது. மாதச் சீட்டுப் போட்டு இதற்கென்றே சேர்ப்பது நல்ல வழி. கம்பெனி பாதியாவது தருமா என்று கட்டுவதற்கு முன்பே மெயிலில் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் கிடைப்பது அரிது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அதற்குப் பயிற்சிகளில் கலந்துகொண்டு சேர்க்கும் கிரெடிட் வேண்டும்: ஏபிஹெச்ஆர்ஐக்கு 45, பிஹெச்ஆர்ஐக்கு 60. இலவச வெபினார்களிலேயே நிறையச் சேர்த்துவிடலாம்.

தேர்வு, பியர்சன் வியூ என்ற தேர்வு நடத்தும் நிறுவனம் வழியாக. வீட்டிலிருந்தும் எழுதலாம், ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். கூட்டுக் குடும்பம், கரண்ட் கட், பக்கத்தில் கோயில் ஸ்பீக்கர் என்று இருந்தால் பெங்களூரு மையத்தையே தேர்ந்தெடுங்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான். முந்தின இரவே ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள்.

[திரையில்: பாஸ்போர்ட், அதில் 'குடும்பப் பெயர்' என்ற இடத்தில் வட்டம்]

பணம் கட்டும் முன் கடைசியாக ஒரு வேலை. நமக்கு இருப்பது இனிஷியல். அந்தப் படிவத்தில் கேட்பது முதல் பெயர், குடும்பப் பெயர். ஆதாரில் 'எம். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா' தனியாக, 'முருகேசன்' தனியாக, படிவத்தில் 'கவிதா எம்' என்று மூன்று விதமாக இருந்தால், மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. கட்டிய பணமும் போய்விடும். மையத்தில் காட்டப்போகும் அடையாள அட்டையை முதலில் முடிவு செய்யுங்கள், அதில் இருக்கும் பெயரை எழுத்து மாறாமல் படிவத்தில் போடுங்கள். அட்டையில் தவறு இருந்தால் முதலில் அதைத் திருத்திவிட்டு வாருங்கள், அப்புறம் கார்டை எடுக்கலாம். பெயரில் உங்களுக்கு என்ன சிக்கல் என்று கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறேன்.