ஆச்சி அழுததற்கும் கேரியர் விலைக்கும் என்ன சம்பந்தம்?

வணக்கம் மக்களே! நேற்று காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயிருந்தேன். பழைய சாமான் கடையைப் பார்த்தால் நான் நிற்காமல் வரமாட்டேன், உங்களுக்கே தெரியும். ஆனால் நேற்று வீட்டுக்குக் கோபத்தோடுதான் வந்தேன்.

ஒரு மங்கு கேரியர், அதாவது எனாமல். இளம்பச்சை, நாலு அடுக்கு. விலை 2,400 ரூபாய். "ஏன்ணே இவ்வளவு?" என்றேன். "நூறு வருசத்துப் பொருள் தம்பி" என்றார் கடைக்காரர். சரி. "போன வாரம் ஒரு சினிமா நடிகர் இதே மாதிரி ரெண்டு எடுத்தார்." நடிகர் எடுத்தால் எனக்கென்ன? அப்புறம் குரலை இறக்கி, "ஒரு ஆச்சியோட கல்யாணச் சீர். அழுதுகிட்டே கொடுத்துட்டுப் போனாங்க" என்றார். என் கை பர்ஸுக்குப் போய்விட்டது!

மணிமேகலை வீடியோவில் சொன்னேனே, 29ஆம் காதை. அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குத் தருக்கம், அதாவது சரியாக வாதிடும் முறை, சொல்லித் தருகிறார். மலையில் நெருப்பு இருக்கிறது, இது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால், இது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல, இது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. இவை எங்கெங்கே பிழைபடும் என்பதற்குப் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என்று மொத்தம் 33! போலி என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடிக்கும். காரணம் போலவே வந்து நிற்கும், காரணமாக இருக்காது.

அதற்காக உணர்ச்சியே தப்பு என்று சொல்லமாட்டேன். பேசுபவர் மேல் நம்பிக்கை, கேட்பவர் மனநிலை, வாதம் என்று அரிஸ்டாட்டில் மூன்றையுமே இணங்கவைக்கும் வழிகளாகச் சொன்னார். ஆச்சியின் கண்ணீர் உண்மையாகவே இருக்கட்டும். இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள அது காரணம். 2,400க்குக் காரணம் இல்லை.

அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்காகக் கழற்றினேன். அடியில் ஸ்வீடன் முத்திரை பளிச்சென்று இருந்தது, அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மூன்றாம் அடுக்கில் மங்கு பெயர்ந்து துரு. 2,400, 2,200, 2,000... 1,850இல் பத்து நிமிஷம் அசையவே இல்லை. கடைசியில் 1,700! ஆ, சொல்ல மறந்துவிட்டேன், கொக்கி பழசு இல்லை, யாரோ புதுக்கம்பியை முறுக்கி மாட்டியிருக்கிறார்கள். அதைக் காட்டிய பிறகுதான் அந்த 1,850 இறங்கியது.

இதோ, கிட்டே காட்டுகிறேன், துரு தெரிகிறதா? புளி போட்டுத் தேய்த்தால் மிச்ச மங்கும் போய்விடுமா? வீட்டில் மங்குச் சாமான் வைத்திருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அதுவரை நான் தொடப்போவதில்லை.