பாரமாகத் தெரிய வேண்டும், பாரமாக இருக்கக் கூடாது

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பானியத் தொலைக்காட்சியில் வரும் கவச நாயகர்களின் உடைகளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னால், "அந்த ரப்பர் சட்டைக்காரர்களா?" என்று சிரிப்பவர்கள் உண்டு. அப்படிச் சிரிப்பவர்களில் பாதிப் பேர் பவர் ரேஞ்சர்ஸ் பார்த்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். 1993-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தத் தொடரின் ஆரம்பச் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி, அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானில் வந்த ஜியூரேஞ்சர் தொடரிலிருந்து வெட்டி எடுத்தது. முகம் தெரியும் காட்சிகளுக்கு அமெரிக்க நடிகர்கள், முகமூடி போட்டால் ஜப்பானியர்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று குழந்தைகள் யாரும் தேடவில்லை. உடை அந்த அளவுக்கு வேலை செய்திருக்கிறது.

கதைகளைப் பற்றி இன்று அதிகம் பேசப் போவதில்லை. பல கதைகள் சுமார்தான், அதை ஒப்புக்கொண்டுவிடலாம். என்னை இழுப்பது உடைதான். பார்க்கிறவருக்கு அது இரும்பாகத் தெரிய வேண்டும். போட்டிருப்பவரோ அதோடு குட்டிக்கரணம் அடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் வடிவமைப்பாளர்கள் செய்த சமரசங்களிலிருந்துதான் அந்தக் கவசங்களின் அழகு பிறந்தது என்பது என் கட்சி.

முதலில் கமென் ரைடர். ஷோதாரோ இஷினோமோரி உருவாக்கிய நாயகன், தோயேய் நிறுவனத்தின் தயாரிப்பு, 1971 ஏப்ரலில் ஒளிபரப்பு தொடங்கியது. வெட்டுக்கிளி முகம், மார்பில் ஒரு தகடு, இடுப்பில் காற்றாடி சுழலும் பெல்ட், கழுத்தில் சிவப்புத் துண்டு. முதல் உடை கரும்பச்சை. இரவுக் காட்சிகளில் நாயகன் இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடுவார். இதற்கிடையில் நாயகனாக நடித்த ஹிரோஷி புஜியோகா படப்பிடிப்பில் பைக் விபத்தில் சிக்கிக் காலை உடைத்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக இரண்டாவது ரைடரைக் கொண்டுவந்தபோது, உடையின் பக்கவாட்டில் வெளிர்நிறக் கோடு ஒன்றைச் சேர்த்தார்கள். இருட்டில் கையும் காலும் அசைவது தெரிவதற்காகச் செய்த வேலை. இன்று பார்த்தால் அந்தக் கோடு இல்லாமல் ரைடரை நினைக்கவே முடியவில்லை.

முகமூடியில் இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. அந்தப் பெரிய சிவப்புக் கண்கள் வழியாக உள்ளே இருப்பவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணுக்குக் கீழே சின்னத் துளைகள் வைத்தார்கள். துளை அப்படியே தெரிந்தால் அசிங்கம். அதை மறைக்கக் கண்ணிலிருந்து கன்னத்துக்கு இறங்கும் கறுப்புப் பகுதியாக வரைந்தார்கள். உடலைச் சிதைத்து மாற்றப்பட்ட மனிதன் ஒருவனின் முகத்தில் அது கண்ணீர் வழிந்த தடம் போல இருக்கிறது. ரசிகர்கள் அப்படித்தான் பார்க்கிறார்கள். பார்வைக்காகப் போட்ட ஓட்டை பாத்திரத்தின் துயரமாக மாறிவிட்டது. அப்புறம் வந்த எத்தனையோ ரைடர்களின் முகத்தில் அந்தத் தடம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது.

முழு உலோகக் கவசம் என்று பார்த்தால் 1982-க்கு வர வேண்டும். அந்த மார்ச்சில் விண்வெளிக் காவலர் கியாபன் தொடங்கியது. உடையை வடிவமைத்தவர் கட்சுஷி முரகாமி. அவர் பொம்மை நிறுவனத்துக்காரர். "அப்படியானால் இது பொம்மை விற்கச் செய்த வேலைதானே?" என்று கேட்கலாம். ஆமாம், அப்படித்தான். கடையில் பெட்டியில் கிடக்கும்போது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஈர்க்கிற மாதிரி ஓர் உருவத்தைச் செய்யத் தெரிந்தவர்தான் கேமராவுக்கு முன்னாலும் அதைச் செய்ய முடியும். இதில் நான் பொம்மைக்காரர்கள் பக்கம்.

கியாபனின் உடல் முழுக்க வெள்ளிப் பளபளப்பு. கறுப்பு முகப்பு, அதற்குள் ஒளிரும் கண்கள், மார்பில் மின்னும் விளக்குகள். நாயகன் கவசத்துக்கு மாற ஆகும் நேரம் 0.05 விநாடி என்று பின்னணிக் குரல் சொல்லும். கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அப்புறம் அதே குரல், அதை இன்னொரு முறை பார்ப்போம் என்று சொல்லி, விண்கலத்திலிருந்து வரும் உலோகத் துகள்கள் உடலில் படிவதை நிதானமாகக் காட்டும். வாரா வாரம் இது நடக்கும். கவசம் உருவாகும் விதத்தைப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருப்பதை அந்தக் குழு சரியாகப் புரிந்துவைத்திருந்தது.

ஆனால் முலாம் பூசிய பரப்பு துலக்கி வைத்த எவர்சில்வர் குடம் மாதிரி. எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுக்கும், விளக்கையும் கேமராவையும்கூட. கீழே விழுந்தால் கீறலும் விழும். அதனால் இந்தத் தொடர்களில் ஒரே நாயகனுக்குக் குறைந்தது இரண்டு உடைகள் உண்டு. அருகில் காட்ட ஃபைபர்கிளாஸில் செய்து முலாம் பூசிய நேர்த்தியான உடை ஒன்று, சண்டைக்கு மென்மையான பொருளில் செய்த மங்கலான உடை ஒன்று. கியாபனைப் பார்க்கும்போது கவனியுங்கள். நின்று பேசும்போது கண்ணாடியாக மின்னுவார். குதிக்கும்போது கொஞ்சம் மங்கிப்போவார், முட்டியிலும் இடுப்பிலும் சுருக்கம் விழும். சின்ன வயதில் இது தெரியவே தெரியாது. வயதான பிறகு தெரியும், தெரிந்த பிறகு இன்னும் பிடிக்கும்.

1987-இல் வந்த அமெரிக்கப் படமான ரோபோகாப்பின் உடையில் கியாபனின் சாயல் இருப்பதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். 1989-இல் ஜப்பானியர்கள் ஜிபான் என்ற ரோபோ போலீஸ் தொடரை எடுத்தபோது அதில் ரோபோகாப்பின் சாயல் இருந்தது. கணக்கு நேராகிவிட்டது.

இந்தப் பாரச் சூத்திரத்தைத் தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டு சாமுராய்களிடமே இருந்தது. போர்க்களத்தில் யார் யார் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காகத் தலைக்கவசத்தில் விசித்திரமான சின்னங்கள் வைத்தார்கள். தாத்தே மசாமுனேயின் கவசத்தில் ஒரு பக்கம் நீண்ட பிறைநிலா. ஹோண்டா தாதாகட்சுவின் தலையில் பெரிய மான்கொம்புகள். அவை நிஜக் கொம்புகள் இல்லை. காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, மேலே அரக்குப் பூசி இறுக்கியவை. எதிரிக்குப் பயங்கரம், தலைக்குப் பாரமில்லை. ஃபைபர்கிளாஸ் தோள்தகட்டின் பாட்டன் அந்தக் காகிதக் கொம்புதான்.

சாமுராய் என்றதும் 2013-இல் வந்த கமென் ரைடர் கைம் தொடரைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாயகன் மாறும்போது வானத்தில் ஒரு திறப்பு உண்டாகி, அதிலிருந்து ராட்சத ஆரஞ்சுப் பழம் ஒன்று இறங்கி அவர் தலையில் கவிழும். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது. அந்தப் பழம் மடல் மடலாக விரிந்து மார்பும் முதுகும் தோளுமாக மாறும். கையில் ஆரஞ்சுச் சுளை வடிவத்தில் வாள். அவருடைய போட்டியாளருக்கு வாழைப்பழம். படத்தில் மட்டும் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் விரிந்து முடிந்ததும் நிற்பது சாமுராய் தளபதி. நெற்றிச் சின்னம், தோள்தகடு, எல்லாம் அந்தந்த இடத்தில். பழத்தோல் இயல்பாகவே வளைந்த தகடு என்பதை யாரோ ஒருவர் கவனித்திருக்கிறார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் பாராட்டிக்கொண்டே போகிறேன் என்று நினைக்க வேண்டாம். சமீப ஆண்டுகளின் சில உடைகளில் பொம்மைக்கான கருவிகள் அளவுக்கு மீறி ஒட்டியிருக்கின்றன. தொடரின் கடைசியில் வரும் உச்ச வடிவங்களில் சில, நகைக்கடை விளம்பரத்தில் நிற்கும் மணப்பெண் அளவுக்குச் சுமக்கின்றன. பாரமாகத் தெரிகிறது, நிஜமாகவே பாரமாகவும் இருக்கிறது. நாயகன் நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் வீசுகிறார்.

சரி, உள்ளே இருப்பவருக்கு வருவோம். ரைடர் தொடர்களில் முகம் காட்டி நடிப்பவர் ஒருவர், மாறிய பிறகு உடைக்குள் நடிப்பவர் வேறொருவர். குரலைப் பிறகு டப்பிங்கில் முகம் காட்டிய நடிகர் கொடுப்பார். செய்ஜி தகாயிவா என்ற கலைஞர் 2001-இல் வந்த அகிதோ முதல் சுமார் இருபது ஆண்டுகள், ஓரிரு தொடர்கள் நீங்கலாக, முதன்மை ரைடரின் உடைக்குள் இருந்தார். முகமூடியில் எந்தத் தசையும் அசையாது. ஆனாலும் அதில் கோபம் தெரியும், வெட்கமும் தெரியும். ஜப்பானின் பழைய முகமூடி நாடகமான நோ நாடகத்தில் ஒரு வித்தை உண்டு. மரமுகமூடியைக் கொஞ்சம் நிமிர்த்தினால் வெளிச்சம் பட்டு முகம் மலரும், தாழ்த்தினால் நிழல் விழுந்து வாடும். ரைடரின் முகமூடியும் அப்படித்தான் வேலை செய்கிறது. புருவ மேடு, கன்னச் சரிவு எல்லாம் நிழல் விழும்படி செதுக்கியவை.

2007-இல் வந்த டென்-ஓ இதன் உச்சம். அதில் பயந்த சுபாவமுள்ள ஒரு பையனுக்குள் நான்கு அரக்க நண்பர்கள் மாறி மாறிப் புகுந்துகொள்வார்கள். யார் உள்ளே இருக்கிறாரோ அதற்கேற்ப மார்புத் தகடுகள் இடம் மாறும். தலையில் ஓடும் தண்டவாளத்தில் முகமூடி வழுக்கி வந்து விரியும். மொமோதாரோ என்ற நாட்டுக் கதையில் குழந்தை பீச் பழத்திலிருந்து பிறக்கும் அல்லவா, முதல் வடிவத்தின் முகமூடி அந்தப் பீச் பழம்தான். நான்கு வடிவங்களுக்கும் உள்ளே தகாயிவாதான். முரடன், பெண்களிடம் வழிகிற வாயாடி, பலசாலி, ஆடிக்கொண்டே சுடும் சிறுபிள்ளை என்று நான்கு பேரையும் தோளையும் இடுப்பையும் வைத்தே பிரித்துக் காட்டியிருப்பார்.

இயக்குநர் கெய்த்தா அமெமியாவின் காரோ தொடர் 2005-இல் வந்தது. ஓநாய்த் தலையும் பொன் கவசமும். அதை 99.9 விநாடிக்கு மேல் அணிந்திருந்தால் கவசமே ஆளை விழுங்கிவிடும் என்பது கதையின் விதி. அவ்வளவு நுணுக்கமான உடையை அளவாகத்தான் திரையில் காட்ட முடியும் என்பதற்கும் அந்த விதி பொருத்தமாக அமைந்துவிட்டது. நான் முன்னே சொன்ன கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். இப்போது டென்-ஓவின் நான்கு சண்டைத் துண்டுகளைத் திரையில் போடப் போகிறேன். ஒலி இருக்காது, நிறம் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காகக் கறுப்பு வெள்ளையில் மாற்றியிருக்கிறேன். நடையையும் நிற்பதையும் வைத்து, எதில் யார் உள்ளே என்று சொல்லுங்கள். முன்வரிசையிலிருந்து தொடங்கலாம்.